ஞாயிற்றுப் படகும் திங்கட் சாயமும்

எங்கள் ஊர் ஏரியில் துடுப்புப் படகுகள் மட்டுமே ஓடலாம் என்னும் கட்டுப்பாடு, படகுக் குழாத்துப் பெரியவர்களின் தொலைநோக்கால் வந்தது என்று சிலர் இன்னும் சொல்லி வருகிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. அவர்களாக விட்டுக்கொடுத்தது எதுவுமில்லை. என் நாத்தனாரின் பெயர் கெட்டது; கெட்ட பெயரை மீட்க அவள் அலைந்தாள்; அந்த அலைச்சலின் முடிவில், தம் கடைச் சரக்குக்கே கேடு வந்தது என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் இயந்திரங்களைக் கழற்றினார்கள். நான் உடனிருந்து பார்த்தவள், ஆதலால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் இறுதியில் நான் பிள்ளையார்பாளையத்துக்கு மருமகளாக வந்தேன். பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியை வேலை. கணவருடைய அக்காள், மணமாகிச் சில ஆண்டுகளிலேயே கணவனை இழந்து பிறந்த வீடு திரும்பியவள். தந்தை மறைந்த பிறகு, வீட்டின் பின்கட்டிலிருந்த சாயப்பட்டறையை அவளே நடத்தினாள். நான் அவளை அண்ணி என்பேன். அவள் என்னை ‘டீச்சரு’ என்பாள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

அவளுடைய பட்டறையின் பெயரும் பிழைப்பும் அரக்கு நிறத்தால் நின்றவை. மணப்பெண் உடுத்தும் கூறைப் புடைவைக்கு உரிய ஆழ்ந்த சிவப்பு அது. அந்தத் தெருவில் யார் வீட்டில் திருமணம் என்றாலும் நூல் முதலில் அவள் கைக்கு வரும். மற்றச் சாயங்களை எவரும் போடுவர்; அரக்குக்கு அவளே என்றிருந்த காலம் அது.

தெருக்கிணறுகளில் எல்லாம் உப்புநீர், சோப்பு நுரைக்காது. ஆகவே சாயக்காரர் அனைவரும் ஊருக்கு மேற்கே இருந்த ஏரியை நம்பியே வாழ்ந்தனர். பட்டு நூலில் இயல்பாகவே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்து அதைப் போக்கிய பின், நல்ல நீரில் அலசி எடுத்தால்தான் நூல் சாயத்தை ஒரே சீராகக் குடிக்கும். அந்த அலசலை ஏரியின் கீழ்க்கரைப் படித்துறையில், காற்று எழுமுன், இருள் பிரியாத வேளையில் முடித்துவிடுவார்கள். கூறைப் புடைவை நூலுக்கு முதற்சாயம் திங்கட்கிழமையில்தான் இடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சிவனுக்கு உகந்த நாளில் தொடங்கும் மங்கலம் தங்கும் என்பது நம்பிக்கை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஏரியின் மேல்கரையில் ஒரு கொட்டகை எழுந்தது. ஊரின் பட்டுக்கடை முதலாளிகள் சிலரும் அதிகாரிகள் சிலரும் கூடிப் படகுக் குழாம் ஒன்று அமைத்தார்கள். கோயில் பார்க்கவும் புடைவை வாங்கவும் சென்னையிலிருந்து வருவோர் மாலைப்பொழுதை இன்பமாகக் கழிக்கவேண்டுமாம். இயந்திரம் பூட்டிய படகுகள் இரண்டு வந்தன. சனி, ஞாயிறு மாலைகளில் அவை ஏரியைக் கிழித்துக்கொண்டு ஓடின. ஞாயிறன்று கூட்டம் சொல்லி முடியாது. அவற்றின் இரைச்சலில், கரையில் நிற்பவர் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அவை எழுப்பிய அலைகள் மண்கரையைக் கொஞ்சங்கொஞ்சமாக அறுத்தன. முக்குளிப்பான் குருவி நீர்ப்பாசியைக் கூட்டி, கோரைக்கு நடுவே மிதக்கும் கூடு கட்டும். அந்தக் கூடுகள் கவிழ்ந்து, முட்டைகள் கரையோரச் சேற்றில் புதைந்து கிடந்ததை நானே பார்த்தேன். அப்போது நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஏரி எல்லார்க்கும் பொது. பொதுப்பொருளுக்குக் கேடு வந்தால் கேட்பதற்கு ஆள் இராது.

முதல் அடி எங்கள் வாசலில் விழுந்தது. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்த நெசவாளர் ஒருவர், தம் நடு மகளின் திருமணத்துக்கு நூல் கொடுத்திருந்தார். சாயமிட்டுக் காய்ந்த நூற்சிட்டத்தை வாங்கிப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது. அரக்கின் நடுவே வெளிறிய திட்டுகள்.

“இன்னாக்கா இது? தேமல் வந்தா மாதிரி இருக்குது?”

“குடுப்பா, திரும்பப் போட்டுத் தரேன். சோப்பு சரியில்லே போல.”

அடுத்த திங்கட்கிழமை அண்ணி புதிய நூலில் போட்டாள். அதிலும் திட்டு. அதற்கு அடுத்த திங்களும் அப்படியே. செவ்வாய்க்குப் பின் போட்ட பச்சையிலும் மஞ்சளிலும் அவ்வளவு குறை தெரியவில்லை. தெரு கூடிக் கணக்குப் பார்த்தது. அது கண்ட விடை எங்கள் தெருவாருக்கு மட்டுமே தோன்றக்கூடிய விடை.

நெசவாளர் மறுபடி வந்தபோது உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, தெருவே கேட்கும்படி சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதேக்கா. மத்த நாளு போட்ட சாயம் நல்லாத்தான் இருக்குது. சாமி நாளு பார்த்துக் கெடுதுன்னா அர்த்தம் இன்னா? தாலி போன கை கூறைக்கு ஆவாதுன்னு வூட்ல சொல்றாங்க. மஞ்சளு, பச்சை எதுனா இருந்தா அப்புறம் தரேன்.”

எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார்! அவருடைய மூத்த மகள் உடுத்திய கூறை இதே கை போட்ட அரக்கு. அப்போதும் அந்தக் கை தாலி போன கைதான். அந்தக் கையைப் புகழ்ந்து அவர் வீட்டார் திருமணப் பந்தலில் தாம்பூலம் கொடுத்தனுப்பினார்கள். நூல் நன்றாக வந்தவரை அந்தக் கை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. நூல் கெட்டதும் அவளுடைய கழுத்தைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பதில் சொல்ல எழுந்தேன். அண்ணி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

அவர் சொன்னது ஒரு வாரத்தில் தெரு முழுவதும் பரவியது. கூறை நூல் வருவது நின்றுபோயிற்று. அண்ணி செப்புத்தொட்டியைப் புளியிட்டுத் தேய்த்தாள், சோப்பை மாற்றினாள், சாயப்பொடியை வேறு கடையில் வாங்கினாள், ஈரப்புடைவையோடு கோயிலை வலம் வந்தாள். மறு திங்களும் சோதனைக்கு ஒரு சிட்டம் போட்டாள். திட்டு விழுந்தது. அன்று மாலை சோற்றைப் பிசைந்தபடி அவள் சொன்னதை என்னால் மறக்க இயலாது.

“எனக்கே சந்தேகமா இருக்குது டீச்சரு. அவரே வேணாங்கறாரோ என்னவோ.”

அவர் என்று அவள் சொன்னது சிவனை. அவள் பெயரைத் தெரு கெடுத்ததைக் காட்டிலும், தெருவின் சொல்லை அவளே நம்பத் தொடங்கியதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

அந்தச் சமயத்தில் என் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். படகில் போகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தார்கள். ஞாயிறு மாலை எல்லாரையும் அழைத்துச் சென்றேன். வரமாட்டேன் என்ற அண்ணியையும் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்குக் காற்றாவது படட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

படகோட்டி நடுவயதினர், பேச்சில் வல்லவர். தகர டப்பாவிலிருந்து எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றும்போது பாதி இயந்திரத்துக்குள்ளும் பாதி ஏரிக்குள்ளும் போயிற்று. படகின் அடியில் கரிய நீர் தேங்கியிருந்தது. அதை ஒரு குவளையால் மொண்டு மொண்டு வெளியே வீசினார்.

“ஏம்பா, அதெ ஏன் தண்ணியிலே ஊத்துறே?” என்றாள் அண்ணி.

“பின்னே எங்கேம்மா ஊத்தறது, என் தலையிலயா? இருக்கற முடியும் கொட்டிடும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் உற்சாகத்தோடு தொடர்ந்தார். “நீ பயப்படாதே. ஏரி எம்மாம் பெரிசு! ராத்திரி மேக்காத்து அடிச்சிதுன்னா எல்லாம் கெழக்கால போயிடும். காலையிலே வந்து பாரு, இங்கே பளிங்கு மாதிரி இருக்கும்.”

“கெழக்காலயா?” என்றாள் அவள்.

கிழக்கே இருந்தது எங்கள் படித்துறை. படகு திரும்பிக் கரையை அணைந்தபோது, தன் வெள்ளைப் புடைவையின் தலைப்பை நீரில் தோய்த்து மெல்ல மேலே இழுத்தாள். நீரைவிட்டு வெளிவந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருந்தது. அதைப் பிழிந்து மோந்து பார்த்தாள்.

“நாளைக்குத் திங்கக்கெழமை” என்றாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் வழக்கமான வேளைக்குப் படித்துறைக்குப் போனோம். ஆனால் நூலை நனைக்காமல், பொழுது புலரும்வரை காத்திருந்தோம். கதிர் சாய்வாக நீரின்மேல் விழுந்ததும், படியை ஒட்டிய நீரெல்லாம் பச்சையும் ஊதாவும் பொன்னுமாக நெளிந்தது.

“மயில்கழுத்துக் கலரு” என்றாள் அண்ணி. பட்டில் இரண்டு நிற நூல்கள் ஒன்றையொன்று ஊடும்போது வரும் மினுக்கத்துக்கு எங்கள் தெரு வைத்த பெயர் அது. “எவ்ளோ அழகா மேஞ்சிக்கினு இருக்குது பாரு, என் வாயிலே மண்ணெப் போட்டது.”

இருட்டில் அலசி இருட்டிலேயே திரும்பியதால் அந்தப் படலம் ஒருநாளும் எங்கள் கண்ணில் படவில்லை. பசை நீங்கி வெறுமையாக நிற்கும் நூல், நீரைவிட்டு மேலே எழும்போது அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு எழுந்தது. எண்ணெய் பட்ட இடம் சாயத்தை ஏற்க மறுத்தது. இரண்டு மூன்று நாளில் படலம் கரையோரக் கோரையில் ஒட்டிக் குறைந்துவிடும். ஆக, படகு ஞாயிறன்று ஓடியதும் கூறைக்குத் திங்களன்று சாயம் இட்டதும் சேர்ந்து, ஒரு பெண்ணின் வெறுங்கழுத்தின்மேல் பழியாக விழுந்தன.

குழாத்தின் செயலாளர் பெரிய பட்டுக்கடை ஒன்றின் உரிமையாளர். நாங்கள் கடைக்கே சென்றோம். மரியாதையாக வரவேற்றார், சோடா வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. கோபப்படாம கேளுங்க. எங்க படகு எண்ணெய் ஏரியைக் கெடுக்குது, சரி. இந்தம்மா படித்துறையிலே சோப்பு நூலை அலசறாங்களே, அது எங்கே போவுது? சாயத்தொட்டியைக் கவுத்து வுடறாங்களே, மழைக்கு அது எந்த ஏரிக்கு வருது? பன்னீரா அது?”

அவருடைய ஏளனம் எனக்குப் பொறுக்கவில்லை. அலசும் நீருக்கும் ஆலகாலத்துக்கும் வேறுபாடு இல்லையா, பிழைப்பும் பொழுதுபோக்கும் ஒரே தராசில் நிற்குமா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். வெளியே வந்தபின் அண்ணி,

“அவரு சொன்னது நெஜந்தானே டீச்சரு” என்றாள்.

“நெஜமாவே இருக்கட்டும். அதெச் சொல்ல அவருக்கு இன்னா யோக்கியதை?”

“அவருக்கு இல்லாட்டி போவட்டும், நமக்கு வேணுமில்லே? என் முதுவுல அழுக்கெ வெச்சிக்கினு அவரெப் போய் முதுவு தேய்ச்சிக்கோன்னு எப்டி சொல்றது?”

அன்றே படித்துறையில் அலசுவதை நிறுத்தினாள். வாரத்தின் நடுவில், நீர் தெளிந்திருக்கும் நாளில், ஆள் வைத்துக் குடம் குடமாக வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, தொட்டியிலேயே அலசினாள். பின்கொல்லையில் ஆழமாக ஒரு குழி தோண்டி, மணலும் கரியும் பரப்பிச் சாயநீரை அதில் விட்டாள். அந்தக் குழி குறையற்றது என்று நான் இன்று வாதிடமாட்டேன். மண்ணுக்கும் கீழே நீர் உண்டு என்பது பின்னாளில்தான் எல்லார்க்கும் உறைத்தது. ஆயினும், பிறரைக் கேட்கும் முன் தன்னைத் திருத்திக்கொண்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். வேலை இரட்டித்தது, கைகள் வெடித்தன. தெருவோ சிரித்தது.

“இன்னாக்கா, ஏரியைக் கொல்லைக்கே கொண்டாந்துட்டியா? எங்களுக்கும் ஒரு படகு வுடு.”

எதிர்வீட்டிலும் சாயப்பட்டறை உண்டு. அந்த வீட்டுக்காரி குழியை வேடிக்கை பார்க்க வந்தாள். நின்று பார்த்தவள், தனக்குத்தானே பேசுவதுபோல வாய்விட்டாள்.

“இப்டிப் பண்ணா திட்டு வுழாதாக்கா? எங்க வூட்லயுந்தான் திங்கக்கெழமையானா வுழுது.”

அண்ணி நிமிர்ந்தாள். “உங்க வூட்லயா?”

“ஆமா. எங்க வூட்டுக்காரரு சத்தமில்லாம எல்லாத்தையும் கருநீலத்துல முக்கிடுவாரு. கருநீலத்துல எந்தத் திட்டு தெரியுது?”

“என்னெத் தாலியறுத்தவன்னு தெருவே பேசுனப்ப நீ இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீலம் காய வெச்சிக்கினு இருந்தேன்” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஆண்டு தெருவெங்கும் மூங்கிற்கழிகளில் கருநீல நூலாகவே தொங்கியதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஆண்கள் நடத்திய பட்டறைகளிலும் அதே எண்ணெய், அதே திட்டு. அவர்கள் தாலியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? தங்கள் பிழைப்புக் குலையக்கூடாது என்று குறையை நீலத்துள் மறைத்தார்கள். மறைத்தவர்கள் வாய் மூடியாவது இருந்தார்களா? அண்ணியைக் குறித்துப் பேச்சு எழுந்தபோதெல்லாம் ‘ஆமாம்’ என்று தலையசைத்தவர்களும் அவர்களே. ஏரியில் எண்ணெய் ஊற்றியவர்கள்மேல் எனக்கு இருந்த சினம் பெரிது. ஆனால் அவர்கள் அறியாமல் செய்தார்கள். இவர்கள் அறிந்து செய்தார்கள்.

மறுபடி செயலாளரிடம் போனோம். இம்முறை நான் வாதிடவில்லை, அண்ணிதான் பேசினாள்.

“ஐயா, இந்த வருசம் உங்க கடையிலே கருநீலம் ரொம்ப வந்துதா?”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “வந்துது. அரக்கு போடச் சொல்லி நூல் குடுத்தனுப்பினா, அரக்குப் பொடி கிடைக்கலே, கட்டாயம் இதுதான்னு போட்டு அனுப்பறானுங்க. கல்யாண வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லி மாளலே. ஏன்?”

“அரக்குப் பொடி கடையிலே மூட்டையா கெடக்குது. நீங்க ஞாயித்துக்கெழமை ஊத்தறீங்க. அவங்க திங்கக்கெழமை முக்கறாங்க. என் சோப்புத் தண்ணி இப்போ ஏரிக்கு வர்றதில்லே, ஆளனுப்பிப் பார்த்துக்குங்க. நாலு வாரம் மிஷினெக் கழட்டிட்டுத் துடுப்புப் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் திட்டு வுழுந்தா, என் கைதான் ஆவாத கைன்னு நானே ஒத்துக்கறேன்.”

எங்களுடைய நியாயம் அவரைத் தொட்டதாக நான் நம்பவில்லை; ஏரிக்கரைக் குருவியும் அவரைத் தொடவில்லை. தம் அலமாரியில் விற்காமல் அடுக்கிக் கிடந்த நீலம் தொட்டது. அடுத்த வாரம் இயந்திரங்கள் இறங்கின. துடுப்புகள் வந்தன. படகுகளைக் கரையேற்றிக் கழுவவேண்டும், கழுவிய அழுக்கை ஏரியில் விடக்கூடாது, குருவிகள் அடைகாக்கும் பருவத்தில் கோரைப்பக்கம் படகு போகக்கூடாது என்று அண்ணி வற்புறுத்திக் கேட்டவற்றையும் அரைமனத்தோடு ஏற்றார்கள். படகோட்டிக்கு மட்டும் பெருந்துயரம். சந்தையில் எங்களைக் கண்டு, கொப்புளம் வெடித்த உள்ளங்கைகளைக் காட்டினார். “மிஷின் இருந்தப்போ நான் ராஜாம்மா. இப்போ என்னெச் செக்கு மாடாக்கிட்டியே!”

“என் கையெப் பாருப்பா” என்று அண்ணி தன் வெடித்த கைகளை நீட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

முதல் திங்களில் தெருப் பட்டறைகளில் திட்டு குறைந்தது. அடுத்தடுத்த திங்களில் அறவே நின்றது. குழாத்தார் கொட்டகையின் முன்னால் பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். ஏரியின் அழகைக் காக்கும் பெருநோக்குடன் தாமே இயந்திரங்களைத் துறந்ததாக அதில் எழுதியிருந்தது. எண்ணெய் ஊற்றியதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் படிக்க நேர்ந்த ஒவ்வொரு நாளும் எனக்குப் பல் நறநறத்தது.

அதைவிடக் கொடிது, நூல் திரும்பி வந்த விதம். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்றுமே நடவாததுபோல மூட்டையை நீட்டினார்கள். அண்ணி எல்லாரையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினாள். அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் அந்த நெசவாளரும் வந்தார். கடைக்குட்டி மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

“அக்கா, அரக்கு போட்டுத் தரணும். ஏரிதான் சரியாப் போச்சே. எல்லாம் அந்தப் பாழாப்போன படகாலே வந்தது.”

“ஏரி சரியாப் போச்சு. என் கை?”

“அதெல்லாம் இப்போ எதுக்குக்கா? நானா சொன்னேன்? வூட்ல பொம்பளைங்க சொன்னது.”

“வூட்ல சொன்னாங்களோ காட்ல சொன்னாங்களோ, இந்த வாசல்லே நின்னு சொன்னது நீ. இல்லேன்னும் இங்கயே நின்னு சொல்லிட்டுக் குடு.”

அவர் என்னைப் பார்த்தார், நான் சமாதானம் சொல்வேன் என்று. நான் அசையவில்லை. மூட்டையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, “சரிக்கா, நான் சொன்னது தப்புதான்” என்று முணுமுணுத்தார்.

“எனக்குக் கேட்டுது. எதிர்வூட்டுக்குக் கேக்கலே.”

அவர் குரலைச் சற்று உயர்த்தினார். “அக்கா கையிலே ஒரு குத்தமும் இல்லே.”

“கோடி வூட்டுக்கு?”

பக்கத்து வீடுகளில் தறிச்சத்தம் நின்றது. இரண்டொரு தலைகள் எட்டிப் பார்த்தன. எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. அவர் தெருவை நோக்கித் திரும்பி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, “இவங்க கை நல்ல கை! என் பொண்ணு கூறைக்கு இவங்கதான் சாயம் போடப் போறாங்க!” என்று கத்தினார்.

அதன்பிறகுதான் அண்ணி கையை நீட்டி மூட்டையை வாங்கினாள்.